நூறு விழுக்காட்டுக்குள் வராத பிள்ளைகள்

ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் எங்கள் கையில் ஒரு தாளைக் கொடுப்பார்கள். ‘இந்த ஆண்டுக்கான என் இலக்கு’ என்று தலைப்பு இருக்கும். பயிற்சிக்கு வரும் கருத்தாளர் விளக்குவார்: “இலக்கு தெளிவா இருக்கணும் சார். அளக்கக் கூடியதா இருக்கணும். எப்போ முடிப்பீங்கன்னு தேதி இருக்கணும்.” நாங்களும் எழுதுவோம்: பத்தாம் வகுப்பில் நூறு விழுக்காடு தேர்ச்சி. கையெழுத்துப் போட்டுவிட்டு, தேநீர் குடித்துவிட்டு, பேருந்து பிடிப்போம்.

கண்ணமங்கலம் வட்டாரத்தில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் கணக்கு ஆசிரியராக இருந்தவன் நான். சேரியில் பிறந்து இடஒதுக்கீட்டால் இந்த வேலைக்கு வந்தவன். நானும் ஓர் ஆண்டு அந்த நூறு விழுக்காட்டை எழுதினேன். எட்டியும் காட்டினேன். எப்படி எட்டினேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஒன்பதாம் வகுப்பு முடிவில் ஒரு பழங்குடி மாணவனின் அப்பாவை வரச் சொன்னோம். “பையனுக்குக் கணக்கு வராதுங்க. டி.சி. வாங்கிக்குங்க, அப்புறமா தனித்தேர்வு எழுதட்டும்.” பேசியது தலைமையாசிரியர் இல்லை, நான்தான். அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்” என்று கையெழுத்துப் போட்டார். அடுத்த ஆண்டு எங்கள் பள்ளி நூறு விழுக்காடு. எனக்குப் பொன்னாடை. பையன் கர்நாடகத்துக் காபித் தோட்டத்தில்.

நூறு விழுக்காடு என்பது எத்தனை பேர் தேர்ச்சி பெற்றார்கள் என்பது மட்டுமல்ல, எத்தனை பேரில் என்பதும்தான். அந்த இரண்டாவது எண்ணைக் குறைத்தால் முதல் எண் தானாகவே உயர்ந்து தெரியும். கணக்கு ஆசிரியனுக்கு இது தெரியாதா? தெரிந்தேதான் செய்தேன். அப்படிக் கழிக்கப்படும் பெயர்கள் எந்தத் தெருவின் பெயர்கள் என்பது வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் தெரியும். மிராசுதார் வீட்டுப் பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்றால் டியூஷன் வைக்கச் சொல்வோம். மலைக்காரன் பிள்ளைக்கு வரவில்லை என்றால் டி.சி. கொடுப்போம்.

படிப்பிலிருந்து வெளியே தள்ளப்பட்டவர்கள் எங்கே போகிறார்கள்? 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை 20 தமிழ்க் கூலித் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் பலர் எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்தவர். சுட்டவர்களின் குற்றம் சுட்டவர்களுடையதுதான். ஆனால் மரம் வெட்டும் கூலியைத் தவிர வேறு வழியில்லாமல் ஒரு மலையையே வைத்திருந்ததில் பள்ளிக்கூடத்துக்குப் பங்கே இல்லையா? 1953இல் இராஜாஜி, பிள்ளைகளுக்குப் பாதி நாள்தான் பள்ளி, மீதி நாள் அப்பன் தொழில் என்றார். பெரியார் கொதித்தெழுந்தார், அடுத்த ஆண்டே குலக்கல்வித் திட்டம் ஒழிந்தது. நாங்களோ பாதி நாளைக்கூட மிச்சம் வைக்காமல் ஒரே கையெழுத்தில் அந்தப் பையனைக் கூலிக்கு அனுப்பிவிட்டோம்.

“ஆசிரியன் பாடம் நடத்த வந்தவன், சாதி ஒழிக்க வந்தவனா?” என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். சாதி ஏற்கெனவே வகுப்பறைக்குள் உட்கார்ந்திருக்கிறது, தோழரே. 2022இல் ஈரோடு மாவட்டம் பாலக்கரையில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிவறை கழுவ வைத்ததற்காகத் தலைமையாசிரியரே கைதானார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களே தங்கள் பள்ளியில் படித்த தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதையொட்டி அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. ஒரு பகுதியின் ஆதிக்கச் சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே தலைமையாசிரியராக அமர்த்தக் கூடாது என்றும், ஆசிரியர்களுக்கு நடத்தை விதிகள் வேண்டும் என்றும் சொன்னது. அந்த அறிக்கையிலிருந்து ஒரு வரியாவது எங்கள் இலக்குத் தாளுக்கு வந்ததா? இல்லை.

“சாதியை எப்படி சார் அளக்கிறது?” என்பார்கள். அளக்கலாம். ஜூனில் ஒன்பதாம் வகுப்பில் பெயர் இருந்தவர்களில் எத்தனை பேர் மறு ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதினார்கள் என்று எண்ணலாம். துடைப்பத்தை யார் கையில் கொடுக்கிறோம் என்று ஒரு மாதம் குறித்துவைக்கலாம். கடைசி பெஞ்சில் யார் என்று பார்த்து வாரம் ஒருமுறை இடம் மாற்றலாம். சத்துணவை ஆசிரியர்களும் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடலாம். 2018இல் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் அருந்ததியப் பெண் சமைக்கக் கூடாது என்று ஊரே திரண்டு வந்த மாநிலம் இது. ஆசிரியர் தட்டேந்தி நிற்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும்.

ஆசிரியரோடு இது முடிவதில்லை. பள்ளியைச் சுத்தம் செய்யும் அம்மாவிடம் யாராவது இலக்குத் தாள் கொடுத்திருக்கிறோமா? பணியாளர் கூட்டத்தில் அவருக்கு ஒரு நாற்காலியாவது போட்டிருக்கிறோமா? வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லி, ஒருமையில் கூப்பிடும் வாத்தியார் சமத்துவப் பாடம் நடத்தி என்ன பயன்? அவருக்கு நிரந்தர வேலையும் முழுச் சம்பளமும் என்பதைப் பள்ளியின் இலக்காக எழுதுவோம்.

எமிஸ் பதிவேற்றத்துக்கே நேரம் போதவில்லை என்பது உண்மைதான். அந்தச் சுமையைக் குறைக்கச் சொல்லிப் போராடுவோம், நானும் வருகிறேன். தேர்ச்சி வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. பொதுத்தேர்வில் வெற்றி வேறு யாரையும்விட எங்கள் பிள்ளைகளுக்குத்தான் தேவை. அதனால்தான் கேட்கிறேன், அந்த வெற்றியை எங்கள் பிள்ளைகளை வெளியேற்றிக் காட்டாதீர்கள்.

அடுத்த ஜூனில் தாள் வரும். இந்த முறை நான் எழுதப்போவது ஒரே வரி: ‘என் வகுப்பிலிருந்து ஒரு பெயர்கூடக் கழியாது.’ கருத்தாளர் கேட்ட தெளிவும் அளவும் தேதியும் அதில் இருக்கின்றன. அந்த ஆண்டு எங்கள் தேர்ச்சி 85 விழுக்காடாகக் குறைந்தால் விளக்கம் கேட்டு மெமோ வரும். வரட்டும். பதில் எழுத என்னிடம் பேனா இருக்கிறது. அந்த அப்பாவிடம் கையெழுத்து வாங்கக் கொடுத்த அதே பேனா.