தந்தை வரட்டும் என்று காத்திருந்த நிமிடங்கள்: அரசுப் பள்ளிகளில் முதலுதவிப் பயிற்சி எங்கே?

2019 நவம்பரில் கேரளாவின் வயநாடு மாவட்டம் சுல்தான் பத்தேரியில் உள்ள ஓர் அரசுப் பள்ளியில், ஐந்தாம் வகுப்பு படித்த முஸ்லிம் மாணவி ஒருத்தியை வகுப்பறைக்குள்ளேயே பாம்பு கடித்தது. தரையில் இருந்த பொந்துதான் பாம்புக்கு வழியானது. காலில் கடிபட்ட தடம் தெரிந்தும், மாணவி சோர்ந்தும், அவளை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லாமல் தந்தை வரும்வரை காத்திருந்தார்கள் என்று உடன் படித்த பிள்ளைகள் தொலைக்காட்சிக் கேமராக்களின் முன் துணிந்து சொன்னார்கள். பிறகு ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு அலைந்து, கோழிக்கோட்டுக்குக் கொண்டு செல்லும் வழியில் அந்தப் பத்து வயதுப் பிள்ளையின் உயிர் பிரிந்தது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

ஆசிரியரும் அரசு மருத்துவர் ஒருவரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். பள்ளிகளில் பொந்துகளை அடைக்கவும் புதர்களை வெட்டவும் உத்தரவுகள் பறந்தன. அவை தேவையானவையே. ஆனால், பாம்பு கடித்த முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும், அதை யார் செய்ய வேண்டும் என்பது அந்த அறையில் இருந்த பெரியவர்களில் எவருக்கேனும் பழகியிருந்ததா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதே கேள்வியை நம் ஊர் அரசுப் பள்ளிகளைப் பார்த்தும் நாம் கேட்டாக வேண்டும்.

திட்டங்கள் இருக்கின்றன

பள்ளிப் பிள்ளைகளின் ஆரோக்கியத்துக்கு அரசிடம் திட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அரசுப் பள்ளிகளுக்கு வந்து கண், பல், இதயம், இரத்தசோகை ஆகியவற்றைப் பரிசோதிக்கின்றன. 2020-ல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் பகுதியாக அறிமுகமான பள்ளி ஆரோக்கியத் திட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்களை ஆரோக்கியத் தூதர்களாகப் பயிற்றுவிக்கச் சொல்கிறது. அதன் 11 தலைப்புகளில் காயங்களிலிருந்து பாதுகாப்பும் ஒன்று. ஜூனியர் ரெட் கிராஸ், நாட்டு நலப்பணித் திட்டம் போன்றவையும் பல பள்ளிகளில் இயங்குகின்றன.

பாம்புக்கடியில் தமிழ்நாடு இன்னும் ஒரு படி முன்னே சென்றது. 2024 நவம்பரில் அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அரசு அறிவித்தது. பாம்புக்கடி மரணங்களை 2030-க்குள் பாதியாகக் குறைக்கும் தேசியச் செயல்திட்டத்தை மத்திய அரசும் அதே ஆண்டில் வெளியிட்டது.

இவற்றில் பெரும்பாலானவை பரிசோதனை, பாடம், பதிவேடு ஆகிய மூன்றோடு நின்றுவிடுகின்றன. முதலுதவியோ நீச்சலைப் போன்றது. நீச்சல் பற்றிய பாடத்தை மனப்பாடம் செய்து தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியவனும் கிணற்றில் விழுந்தால் மூழ்கத்தான் செய்வான். கையால் செய்து பழகாத முதலுதவி, பதற்றம் வந்தால் நினைவுக்கு வராது.

நிமிடங்களின் கணக்கு

இதயம் நின்று மூளைக்கு ஆக்சிஜன் போகாவிட்டால், நான்கிலிருந்து ஆறு நிமிடத்திற்குள் மூளை பாதிக்கப்படத் தொடங்குகிறது. 108 ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும் இந்த நேரத்திற்குள் எல்லா ஊரையும் எட்ட முடியாது. அந்த இடைவெளியை நிரப்பக்கூடியவர் பக்கத்தில் நிற்பவர் மட்டுமே. நெஞ்சின் நடுவில் கையை வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தும் சிபிஆர் பயிற்சியைப் பள்ளியிலேயே கொடுக்க வேண்டும் என்று உலகம் பேசுவது இதனால்தான். 12 வயதிலிருந்து ஆண்டுக்கு இரண்டு மணி நேரம் இந்தப் பயிற்சி தர வேண்டும் என்ற பரிந்துரையை 2015-ல் உலக சுகாதார நிறுவனம் ஆதரித்தது. இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் 2020 செப்டம்பர் முதல் முதலுதவி கட்டாயப் பாடம்.

டென்மார்க் 2005-ல் இதைப் பள்ளிகளில் கட்டாயமாக்கியது. ஓட்டுநர் உரிமம் பெறுவோருக்கும் பயிற்சி தந்தது. மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களுக்கு அருகிலிருந்தோர் சிபிஆர் செய்தது 2001-ல் சுமார் 21 சதவீதம். 2010-ல் அது 45 சதவீதத்தை எட்டியது. 30 நாட்களுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் அதே காலத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 10.8 சதவீதமாக உயர்ந்தனர். பள்ளிப் பயிற்சி மட்டுமே இதற்குக் காரணமல்ல; மருத்துவ வசதிகளும் மேம்பட்டன. ஆனாலும் பொதுமக்களின் கைகள் பழகினால் உயிர்கள் மிஞ்சும் என்பதற்கு இது போதுமான சான்று.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதயத்தைவிட நெருக்கமான ஆபத்துகள் வேறு. குளம், கிணறு, கடல்; தெருநாய்; பாம்பு; அடுப்படிச் சூடு; சாலை. 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் மரணத்துக்கான முதன்மைக் காரணங்களில் நீரில் மூழ்குவதை மூன்றாவதாக வைக்கிறது உலக சுகாதார நிறுவனம்.

தவறான வைத்தியம்

இந்த ஆபத்துகள் எல்லாவற்றிலும் நம் வீடுகளில் தவறான வழக்கங்கள் ஊறிப்போயிருக்கின்றன. சூடு பட்டால் பற்பசையும் மாவும் பூசுகிறோம். செய்ய வேண்டியது 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுவது. வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறோம்; செய்ய வேண்டியது அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் வைக்காமல் இருப்பது. நீரில் மூழ்கிய பிள்ளையின் வயிற்றை அமுக்குகிறோம், தலைகீழாகத் தூக்கிச் சுற்றுகிறோம். மூச்சில்லை என்றால் வாயோடு வாய் வைத்து மூச்சும் சிபிஆரும் தருவதே வழி. பாம்பு கடித்தால் கயிற்றால் இறுக்குகிறோம், கீறி உறிஞ்சுகிறோம். கடிபட்ட உறுப்பை எலும்பு முறிந்தது போல அசையாமல் வைத்து, நச்சுமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு நேரே கொண்டு செல்ல வேண்டும். நாய் பிறாண்டியதைத் திட்டு விழும் என்று பயந்து பிள்ளைகள் மறைக்கிறார்கள். சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு, அன்றே தடுப்பூசிக்குச் செல்ல வேண்டும். வெறிநோய் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது.

வாப்பாவும் உம்மாவும் அறியாத இந்தச் செய்திகளை வீட்டுக்குள் கொண்டுவரக்கூடியவர் பள்ளியில் பழகிய பிள்ளைதான். பள்ளியில் கொடுக்கும் ஒரு நாள் பயிற்சி பல குடும்பங்களை எட்டும் என்பதே இதன் பெரும் பலன்.

ஆசிரியர்களின் பயம்

"ஏதாவது ஆகிவிட்டால் நம் தலையில் விழும்" என்ற பயம் ஆசிரியர்களைக் கட்டிப் போடுகிறது. இதைக் குறை சொல்லிப் பயனில்லை. சாலை விபத்தில் உதவுவோருக்கு மோட்டார் வாகனச் சட்டம் 2019-ல் 134ஏ பிரிவின் மூலம் பாதுகாப்பளித்தது. அது சாலை விபத்துகளுக்கு மட்டுமே பொருந்தும். எனினும், பாதுகாவலரின் ஒப்புதலை உரிய நேரத்தில் பெற முடியாத சூழலில், ஒருவரின் நன்மைக்காக நல்லெண்ணத்துடன் செய்யும் செயலைக் குற்றமாகக் கருதாது பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-வது பிரிவு. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 92-வது பிரிவாக இருந்ததும் இதுவே. கல்வித்துறை இதை ஒரு சுற்றறிக்கையாக அனுப்பி, "பெற்றோருக்குத் தகவல் சொல்லுங்கள், ஆனால் அவர்களுக்காகக் காத்திருக்காதீர்கள்" என்று எழுத்தில் தர வேண்டும். பயத்தைப் போக்க அதுவே நல்ல மருந்து.

சமுதாயத்தின் பங்கு

ஓர் உயிரைக் காப்பது மனித குலம் முழுவதையும் காப்பதற்குச் சமம் என்பது அல்குர்ஆனின் 5:32 வசனம் நமக்குத் தரும் பாடம். நபி (ஸல்) அவர்களின் காலத்தில் ருஃபைதா (ரலி) அவர்கள் காயம்பட்டோருக்கு மருத்துவம் செய்தார்கள்; மஸ்ஜிதுந் நபவியிலேயே அதற்குக் கூடாரம் இருந்தது. எனவே பெண் பிள்ளைகள் முதலுதவி கற்பதில் தயங்க ஏதுமில்லை. பயிற்சிக்குப் பெண் செவிலியர்களை அழைத்தால் பெற்றோரின் கூச்சமும் தீரும். உயிர் போகும் நெருக்கடியில் அந்நியரைத் தொடுவது கூடுமா என்ற ஐயத்துக்கு, நிர்ப்பந்தம் தடையை நீக்கும் என்ற ஃபிக்ஹ் விதியே பதில்.

இரத்ததான முகாம்களையும் ஆம்புலன்ஸ் சேவையையும் நடத்தி நற்பெயர் பெற்ற சமுதாயம் நம்முடையது. ஆம்புலன்ஸ் வரும் முன்னான நிமிடங்களிலும் அந்த அக்கறை தேவை. அதற்கு ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பிள்ளைகளை அங்கே படிக்க வைக்கும் நம் தாய்மார்கள் அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்விகளை எழுப்பித் தீர்மானமாக்கலாம்.

ஒன்று, இந்தப் பள்ளியில் முதலுதவிக்குப் பொறுப்பானவர் யார், அவர் விடுப்பில் இருந்தால் மாற்று யார்? இரண்டு, முதலுதவிப் பெட்டி எங்கே, மருந்துகள் காலாவதியாகாமல் இருக்கின்றனவா, நச்சுமுறிவு மருந்துள்ள அருகிலுள்ள மருத்துவமனையின் பெயரும் எண்ணும் சுவரில் எழுதப்பட்டிருக்கிறதா? மூன்று, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையோ செவிலியரையோ அழைத்து, ஆண்டுக்கு ஒரு முறை ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் செய்முறைப் பயிற்சி எப்போது?

சிபிஆர் பயிற்சிக்கான பொம்மை ஒன்றை ஜமாஅத் வாங்கிக் கொடுத்தால், சுற்றியுள்ள எல்லாப் பள்ளிகளும் மாறி மாறிப் பயன்படுத்தலாம். சமயம் பாராமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் உதவும் நிலையான தர்மம் அது. மக்தப் மதரஸாக்களிலும் அதே பயிற்சியை நடத்தலாம்.

நம் பிள்ளைகள் அனைவரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆபத்தில் இருக்கும் ஓர் உயிரைக் காக்கும் அறிவையும் துணிவையும் நம் கைகளுக்குத் தருவானாக.