வீடு மாறுவோருக்கு ஏன் இந்தத் தண்டனை?

பெண்கள் பெயரில் 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தை வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைப்பு என்ற சலுகை தமிழகத்தில் 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சிற்றூரில் மனை வாங்கும் குடும்பங்களுக்கு இது உதவும், வரவேற்கலாம். ஆனால் சென்னையிலோ கோவையிலோ 10 லட்சத்துக்கு எந்த வீடு கிடைக்கிறது? இருக்கிற ஒரே வீட்டை விற்றுவிட்டு, தேவைக்கேற்ற வேறொரு வீட்டுக்குப் போக நினைக்கும் நகரத்து நடுத்தரக் குடும்பத்துக்கு இதில் ஒரு பைசா பலன் இல்லை. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். அது அப்படியே நிற்கிறது.

இந்த 9 சதவீதத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம். 2024 ஜூலை 23 மத்திய பட்ஜெட்டில் வீடு விற்ற லாபத்துக்கான வரியை 20 சதவீதத்திலிருந்து 12.5 ஆகக் குறைத்து, பணவீக்கத்துக்கு ஏற்ப அசல் விலையை உயர்த்திக் கணக்கிடும் சலுகையை எடுத்தபோது நாடே கொதித்தது. இரண்டே வாரத்தில் அரசு இறங்கி வந்தது. அந்தத் தேதிக்கு முன்பு வாங்கிய சொத்தாக இருந்தால், இரண்டு கணக்கில் எது குறைவோ அதைக் கட்டலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது. தொலைக்காட்சி விவாதங்களும் அத்துடன் முடிந்தன. உண்மையான சுமை வேறிடத்தில் இருக்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2004-05இல் 20 லட்சத்துக்கு வாங்கிய தனி வீடு. 2018-19இல் 25 லட்சம் செலவில் மாடியில் அறை எடுத்து, தரையை மாற்றி, வயரிங், பிளம்பிங் எல்லாம் புதுப்பித்தார்கள். பிள்ளைகள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். பெற்றோருக்கு மாடிப்படி ஏற முடியவில்லை. 2025-26இல் ஒன்றரைக் கோடிக்குக் கேட்கிறார்கள். விற்கலாமா, இருக்கலாமா?

பணவீக்கக் குறியீடு 2004-05இல் 113, 2018-19இல் 280, 2025-26இல் 376. இதன்படி வாங்கிய விலையும் புதுப்பித்த செலவும் சேர்ந்து இன்றைய மதிப்பில் ஏறத்தாழ ஒரு கோடி. மிச்சமுள்ள 50 லட்சத்துக்கு 20 சதவீதம் என்றால் வரி சுமார் 10 லட்சம். புதிய முறையில் 12.5 சதவீதம் கட்டினால் 13 லட்சத்துக்கு மேல். ஆகவே பழைய கணக்குதான் லாபம். ஆனால் புதுப்பித்த செலவுக்கு ரசீது வேண்டும். நம் ஊரில் கொத்தனாருக்கும் டைல்ஸ் போடுபவருக்கும் சனிக்கிழமை மாலை கூலி ரொக்கமாகத்தான் போகும். வீட்டுக்காரர் கையில் இருப்பது ‘மணல் ஒரு லோடு, பிளம்பர் அட்வான்ஸ்’ என்று எழுதிவைத்த ஒரு நோட்டு மட்டும். அந்த 25 லட்சத்தை வருமான வரித் துறை ஏற்காவிட்டால், எந்த முறையில் கணக்கிட்டாலும் வரி 16 லட்சத்தைத் தாண்டிவிடும். ரசீதைப் பத்திரப்படுத்தாததற்கு விலை 6 லட்சம்.

சரி, விற்ற பணத்தில் வேறு வீடு வாங்குகிறார் என்றால்? அங்கேதான் மத்திய சட்டம் நியாயமாக நடந்துகொள்கிறது. வருமான வரிச் சட்டத்தின் 54ஆம் பிரிவு பல்லாண்டுகளாகச் சொல்வது இதுதான்: லாபத்தை இரண்டு ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கவோ மூன்று ஆண்டுக்குள் கட்டவோ செலவிட்டால் அதற்கு வரி இல்லை. வாங்கிய வீட்டை மூன்று ஆண்டுக்கு விற்காமல் இருந்தால் போதும். அதாவது, குடியிருக்கும் வீட்டை மாற்றுகிறவர் வியாபாரி அல்ல என்பதை மத்திய அரசு ஒப்புக்கொள்கிறது.

மாநில அரசு ஒப்புக்கொள்ளவில்லை. அதே ஒன்றரைக் கோடிக்கு அவர் வேறு வீடு வாங்கினால் 9 சதவீதமாக 13.5 லட்சம் கட்ட வேண்டும். அவருடைய பழைய வீட்டை வாங்குகிறவரும் 13.5 லட்சம் கட்டுவார். அதையும் மனதில் வைத்துத்தான் விலையைக் குறைத்துக் கேட்பார். இரண்டு குடும்பங்கள் இடம் மாற, புதிதாக ஒரு செங்கல்கூட வைக்கப்படாத நிலையில், அரசுக்குப் போவது 27 லட்சம். வீட்டைப் புதுப்பிக்க ஆன 25 லட்சத்தைவிட இது அதிகம். தரகர் கமிஷன், வீடு மாற்றும் செலவு எல்லாம் தனி.

இதில் இன்னொரு அநீதியும் உண்டு. 2023 டிசம்பர் முதல், கட்டுநரிடமிருந்து முதல்முறையாக வாங்கும் அடுக்குமாடி வீட்டுக்கு 50 லட்சம் வரை மொத்தம் 6 சதவீதம், 3 கோடி வரை 7 சதவீதம்தான். பழைய வீட்டை அக்கறையாகப் புதுப்பித்து விற்றால் வாங்குபவருக்கு 9 சதவீதம். இருக்கிற கட்டடத்தைக் காப்பாற்றுவது சிமென்ட்டையும் மணலையும் மிச்சப்படுத்தும் என்று மேடையில் பேசுகிறோம். சட்டமோ இடித்துக் கட்டுகிறவருக்குச் சலுகை தருகிறது, பழுதுபார்த்துப் பாதுகாத்தவரைத் தண்டிக்கிறது.

மகாராஷ்டிரத்தைப் பாருங்கள். மும்பையில் முத்திரைத் தீர்வை 6 சதவீதம்; பதிவுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய். நம் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒன்றரைக் கோடி வீட்டுக்குப் பதிவுக் கட்டணம் மட்டும் 3 லட்சம். டோக்கன் வாங்கிக் காத்திருந்து, புகைப்படம் எடுத்து, கைரேகை வைத்து, ஆவணத்தை ஸ்கேன் செய்து திருப்பித் தருகிறார்கள். பத்து லட்சம் ரூபாய் மனைக்கும் அதே வேலை, அதே நேரம். எந்தச் சேவைக்கு இந்த 3 லட்சம்? கட்டணம் என்று பெயர் வைத்து வரியை வசூலிப்பது நேர்மையல்ல.

இங்கிலாந்தை நான் பல ஆண்டுகளாகக் கவனித்துவருகிறேன். அங்கே 2025 ஏப்ரலுக்குப் பிறகு, குடியிருக்க வாங்கும் வீட்டில் முதல் 1,25,000 பவுண்டுக்குத் தீர்வை கிடையாது. அடுத்த 1,25,000க்கு 2 சதவீதம். அதற்கு மேல் 9,25,000 வரை 5 சதவீதம். இரண்டரை லட்சம் பவுண்டு வீட்டுக்கு மொத்தச் சுமை 1 சதவீதம், ஐந்து லட்சம் பவுண்டு வீட்டுக்கு 3 சதவீதம். இரண்டாவது வீடு வாங்குகிறவருக்குத்தான் 5 சதவீதம் கூடுதல் தீர்வை. அதிலும், புதிய வீட்டை முதலில் வாங்கிவிட்டுப் பழைய வீட்டை மூன்று ஆண்டுக்குள் விற்றுவிட்டால், அந்தக் கூடுதல் தொகை திரும்பக் கிடைக்கும். குடியிருந்த வீட்டை விற்ற லாபத்துக்கு வரியே இல்லை. வீடு மாறுகிறவரையும் வீடு சேர்க்கிறவரையும் பிரித்துப் பார்க்க அந்த அரசுக்குத் தெரிகிறது. நமக்குத் தெரியவில்லை என்றால் அது விருப்பமின்மைதான், இயலாமை அல்ல.

நிதித் துறையினர் வருவாய் இழப்பு என்பார்கள். நடக்காத பத்திரப் பதிவால் என்ன வருவாய்? 9 சதவீதத்துக்குப் பயந்து கிரயத்தையே கைவிடும் குடும்பத்திடமிருந்து அரசுக்கு எதுவும் வருவதில்லை. வழிகாட்டி மதிப்பை மட்டும் பத்திரத்தில் காட்டி மிச்சத்தை ரொக்கமாகக் கொடுப்பவரிடமிருந்தும் முழுத் தொகை வருவதில்லை. 2017இல் பதிவுக் கட்டணத்தை 4 சதவீதமாக ஏற்றியதும், 2023இல் அதை 2 ஆகக் குறைத்து வழிகாட்டி மதிப்பை உயர்த்தியதும் ஒரே சட்டைப் பைக்குள் கையை மாற்றி மாற்றி விட்டதுதான். விலை ஏறியிருக்கிறதே, கட்டினால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் போதும்: விற்ற வீட்டுக்கு விலை ஏறியது போல வாங்கப்போகும் வீட்டுக்கும் ஏறியிருக்கிறது.

இதன் விளைவைச் சென்னையில் தெருத் தெருவாகப் பார்க்கலாம். பழைய தார்த்தளத்தைச் சுரண்டாமல் மேலேமேலே சாலை போட்டதில் வீடுகள் தெருவுக்குக் கீழே போய்விட்டன. மழைக்காலத்தில் கூடத்துக்குள் தண்ணீர். ஹரியாணாவிலிருந்து வந்த குழுக்கள் அடித்தளத்தை அறுத்து, நூற்றுக்கணக்கான ஜாக்கிகளை வைத்து, அங்குலம் அங்குலமாக வீட்டைத் தூக்கித் தருகின்றன. பல லட்சம் செலவு. மாதக்கணக்கில் வாடகை வீட்டு வாசம். தாழ்வான இடத்திலிருந்து மேடான இடத்துக்குக் குடிபோவதைவிட வீட்டையே தூக்குவது மலிவு என்றால், அந்த நிலைக்கு மக்களைத் தள்ளியது இந்த 9 சதவீதம்தான் என்பேன். வேலை ஓரிடம், வீடு ஓரிடம் என்று தினம் நாலு மணி நேரம் சாலையில் கழிப்பவர்களும், நான்கு அறை வீட்டில் தனியாகக் கிடக்கும் முதியவர்களும் இதே பத்திரச் செலவின் கைதிகள்தான். இதைச் சரிசெய்யாமல் எத்தனை மேம்பாலம் கட்டினாலும் நெரிசல் தீராது.

ஆகவே, இன்று புதுப்பித்த வீட்டை விற்பதா என்று என்னைக் கேட்பவர்களுக்கு, உடல்நிலையோ வேலையோ கட்டாயப்படுத்தினால் ஒழிய விற்காதீர்கள் என்றே சொல்லவேண்டியிருக்கிறது. பணவீக்கக் கணக்கைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பழைய வீட்டோடு போய்விடும். இனி வாங்கும் வீட்டுக்கு அது கிடையாது.

தமிழக அரசு செய்யவேண்டியது எளிது. ஒரே வீடு வைத்திருப்பவர் அதை விற்று இரண்டு ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கினால், விற்ற தொகை அளவுக்கு முத்திரைத் தீர்வையை முழுமையாக விலக்க வேண்டும். பதிவுக் கட்டணத்துக்கு 30,000 ரூபாய் உச்சவரம்பு வைக்க வேண்டும். வாங்கியவர், விற்றவர் விவரமெல்லாம் பதிவுத் துறையின் கணினியிலேயே இருக்கிறது. 54ஆம் பிரிவு என்ற முன்மாதிரியும் கையில் இருக்கிறது. அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே இதை அறிவியுங்கள்.