மாப்பிள்ளை முகத்தில் பச்சைக் கோடு

கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை முகத்தில் வியர்வை வழியலாம், அசடு வழியலாம். பச்சைக் கோடு வழியலாமா?

வழிந்தது. என் தங்கை மகனின் லேப்டாப்பில்.

பயலுக்கு மதுரையில் கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணுவது பிழைப்பு. படம் எடுப்பவர் வேறு. இவன் எடுத்த படத்தை அழகாக்குபவன். தாலி கட்டும்போது பின்னால் பந்திக்கு ஓடுகிற கூட்டத்தை அழித்துவிட்டு அங்கே ஊட்டி மலையைக் கொண்டுவந்து வைப்பான். திருப்பரங்குன்றத்தில் தாலி கட்டிக்கொண்டு, ஆல்பத்தில் ஸ்வெட்டர் இல்லாமல் ஊட்டியில் நிற்பவர்கள் எல்லாம் இவனுடைய கைங்கரியம்.

இந்த மலை தூக்கும் வேலைக்கு கிராபிக்ஸ் சிப் தனியாக உள்ள லேப்டாப் வேண்டுமாம். அம்மாவின் வளையலை அடகு வைத்து வாங்கினான். எந்தக் கம்பெனி என்று நான் சொல்லப்போவதில்லை. வளையல் இன்னும் திரும்பவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு மத்தியானம் போன்.

"மாமா, மாப்பிள்ளை மூஞ்சில கோடு விழுகுது."

"ஷேவ் பண்ணும்போது வெட்டியிருக்கும்டா."

"பச்சைக் கலர்ல, மாமா. தலையில இருந்து கால் வரைக்கும். பொண்ணு மேலயும் விழுகுது."

நான் போய்ச் சேர்வதற்குள் கோடு, கட்டமாகி, கட்டம் கறுப்பாகி, திரை அணைந்தே போய்விட்டது. உள்ளே விசிறி மட்டும் 'உஸ்' என்று சுற்றிக்கொண்டிருந்தது. ஆள் போன பிறகும் ஓடுகிற வாட்ச் மாதிரி.

சாதாரண சமயமாக இருந்தால் 'புதுசு வாங்கிக்கலாம்டா' என்று (அடுத்தவர் காசில்) ஆறுதல் சொல்லியிருப்பேன். ஆனால் இது சோழவந்தான் கல்யாணம். மணமேடையில் கைத்தடியை ஓரமாகச் சாத்திவிட்டு, அட்சதை போட்டு, வாய் நிறையச் சிரித்தாரே பெண்ணின் தாத்தா, அவர் கல்யாணம் முடிந்த எட்டாம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டார். பதினாறாம் நாள் படத்திறப்பு. அந்தச் சிரிப்புதான் படமாக வேண்டும் என்று பாட்டியம்மா சொல்லிவிட்டார். வேறு படமே கிடையாதா என்று கேட்டோம். ஆதார் அட்டையில் ஒன்று இருந்தது. அதைப் பெரிசு பண்ணித் திறந்து வைத்தால், வந்த கூட்டம் துக்கம் மறந்து பயந்துபோகும்.

போட்டோகிராபரோ அடுத்த முகூர்த்தத்துக்காக காமிரா கார்டை அழித்துவிட்டார். தாத்தாவின் சிரிப்பு இருந்த ஒரே இடம், அந்த இருண்ட பெட்டி. கைவசம் ஐந்து நாள்.

*

முதலில் வந்து சேர்ந்தவை இலவச யோசனைகள். எதிர்வீட்டுக் காலேஜ் பையன், "மதர்போர்டைக் கழற்றி கேக் அவன்ல பத்து நிமிஷம் வைங்க. வீடியோவுல பார்த்தேன்" என்றான். என் தங்கை சமையலறை வாசலில் குறுக்கே நின்றுவிட்டாள். "முட்டையே உள்ள விட மாட்டேன், மதர்போர்டையா விடுவேன்?"

ஆசாரத்துக்காகச் சொன்னது, ஆரோக்கியத்துக்கும் சரி. சூடானால் போர்டிலிருந்து என்னென்னவோ புகை வரும். அப்புறம் அதே அடுப்பில் கேக் சுட்டுச் சாப்பிட முடியுமா?

மாசி வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், மாடிப்படிக்கு அடியில், 'சிப் லெவல் சர்வீஸ்' என்று போர்டு போட்ட கடைக்குப் போனோம். கடைக்காரர் லேப்டாப்பை ஒரு பழைய மானிட்டரோடு இணைத்தார். அதிலும் படம் வரவில்லை.

"திரையோ ஒயரோ போயிருந்தா வெளி மானிட்டர்ல படம் வரும் சார். ரெண்டுலயும் வரலைன்னா பெரும்பாலும் கிராபிக்ஸ் சிப். சரி, முன்னாடி எப்பவாவது கோடு விழுந்துச்சா தம்பி?"

"பதினோராவது மாசம் விழுந்துச்சுண்ணே. சர்வீஸ் சென்டர்ல குடுத்தேன். விண்டோஸை அழிச்சுப் புதுசா போட்டுக் குடுத்தாங்க."

"கோடு எப்ப விழுந்துச்சு? விண்டோஸ் வந்த பிறகா, கம்பெனி பேரு தெரியும்போதேவா?"

"பேரு தெரியும்போதே."

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடியே கோடு விழுந்தா, தப்பு விண்டோஸ்ல எப்படி இருக்கும்? பல்லு வலிக்குதுன்னு போனவனுக்கு முடி வெட்டி அனுப்பியிருக்காங்க!"

"ஹாட் ஏர் வச்சு ஊதினா சரியாகும்னு சொல்றாங்களே?" என்றேன், விஷயம் தெரிந்தவன் மாதிரி.

"ஆகும் சார். ரெண்டாயிரம் ரூபா வாங்கிட்டு இப்பவே ஊதித் தர்றேன். படம் வரும். ஒரு வாரமும் ஓடலாம், ஒரு மாசமும் ஓடலாம். அப்புறம் நீங்க என்னைய ஊதுவீங்க."

மதுரையில் வருகிற காசை வேண்டாம் என்று சொன்ன ஒரு வியாபாரியை அன்றுதான் பார்த்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

*

அவர் சொன்னதையும், பிற்பாடு நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

சிப் என்பது நகத்தளவு சிலிக்கான் துண்டு. அதைக் குப்புறக் கவிழ்த்து ஒரு சின்னப் பலகை மேல் உட்கார வைத்திருப்பார்கள். நடுவே கண்ணுக்குத் தெரியாத உலோகக் குமிழ்கள், நூற்றுக்கணக்கில். மின்சாரம் போய்வரும் வழி அதுதான். அந்தப் பலகைக்கு அடியில், ரவை சைஸில் இன்னொரு கூட்டம் உருண்டைகள். அவை மதர்போர்டோடு ஒட்டிக்கொள்ள. ஆக, இரண்டு மாடிக் கட்டடம்.

வேலை செய்யும்போது சிப் 80, 90 டிகிரிக்குச் சுலபமாகப் போகும். அணைத்தால் ஆறும். சூட்டில் எல்லாம் விரியும். ஆனால் சிலிக்கான் கொஞ்சமாக விரியும், பலகை தாராளமாக விரியும். புருஷன் பெண்டாட்டி மாதிரி. ஒருவர் கோபத்தின் அளவு மற்றவருக்கு இல்லை. நடுவில் மாட்டிக்கொண்ட குமிழ்கள் தினமும் இழுபடும். சாயந்திரம் வெயில் தாழ்ந்ததும் தகரக் கூரை 'டக் டக்' என்று முறிகிற சத்தம் கேட்டிருப்பீர்களே, அதே கதைதான் உள்ளே சத்தமில்லாமல் நடக்கிறது.

இதற்காகவே குமிழ்களைச் சுற்றி ஒரு பசையை நிரப்பி இறுக வைப்பார்கள். இழுக்கிற பாரத்தை அது பங்கு போட்டுக்கொள்ளும். வீட்டில் நல்ல மாமியார் மாதிரி. (சிரிக்காதீர்கள், இருக்கிறார்கள்.) அந்தப் பசை சூட்டில் சீக்கிரம் இளகுகிற ரகமாக இருந்துவிட்டால், பாரம் முழுக்கக் குமிழ் தலையில். ஒரு நாள் முடியளவு விரிசல். அவ்வளவுதான், மாப்பிள்ளை முகத்தில் கோடு.

ஊதினால் ஏன் உயிர் வருகிறது? சூட்டில் எல்லாம் விரிந்து, விரிசலின் இரண்டு கரையும் தொட்டுக்கொள்கின்றன. ஒட்டவில்லை, தொட்டுக்கொள்கின்றன. நாலு தடவை சூடாகி ஆறினால் மறுபடி விலகும். 'ரீபாலிங்' என்று உருண்டைகளை மாற்றுகிற வைத்தியம் உண்டு. அது கீழ்மாடி உருண்டைகளுக்கு மட்டும். விரிசல் மேல்மாடியில் இருந்தால், மேலே ஒழுகுகிற வீட்டில் கீழ்த் தளத்துக்கு வெள்ளையடிக்கிற வேலைதான். நியாயமான வைத்தியம் புது சிப், அல்லது புது போர்டு.

*

இது ஊர் உலகத்துக்கே தெரிய நடந்த ஒரு பெரிய கதை உண்டு. 2008 ஜூலை 2-ம் தேதி, அமெரிக்காவின் என்விடியா கம்பெனி ஓர் அறிவிப்பு கொடுத்தது. லேப்டாப்களில் போட்ட பழைய தலைமுறை சிப்கள் சில, வழக்கத்தைவிட அதிகமாகப் பழுதாகின்றன. சிப்பையும் அதன் கட்டுமானத்தையும் சேர்க்கிற பொருட்கள் பலவீனமாக இருக்கின்றன. இதைச் சமாளிக்க 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்குகிறோம் என்று. மறுநாள் பங்கு விலை சுமார் 30 சதவிகிதம் சரிந்தது.

காரணங்களில் ஒன்றாக, வாடிக்கையாளர் பயன்படுத்தும் விதத்தையும் சேர்த்திருந்தார்கள். லேப்டாப்பைத் திறந்து வேலை செய்தார்கள் போலிருக்கிறது, பாவிகள்!

டெல்லும் எச்.பி.யும் விசிறி கூடுதல் நேரம் சுற்றும்படி மாற்றம் அனுப்பின. விசிறி விரிசலை ஒட்டாது, விழுவதைத் தள்ளிப்போடும். வாரன்டி தேதி மட்டும் தள்ளிப்போகாமல் தன்பாட்டுக்குத் தேய்ந்துகொண்டிருக்கும். ஆப்பிளிடம் 'உங்கள் மெஷினுக்குப் பாதிப்பில்லை' என்று என்விடியா சொல்லியிருந்தது. ஆப்பிள் தானே சோதித்துப் பார்த்து, 2008 அக்டோபரில், மாக்புக் ப்ரோ சிலவற்றிலும் கோளாறு வரலாம், வாரன்டி முடிந்திருந்தாலும் வாங்கி இரண்டு வருஷத்துக்குள் என்றால் இலவசமாகச் சரிசெய்வோம் என்று அறிவித்தது.

கோர்ட்டுக்குப் போன வழக்கு 2010-ல் சமரசமானது. சிலருக்குப் புது சிப், எச்.பி.காரர்களுக்கு மாற்றுக் கணினி. அமெரிக்காவில் வாங்கியவர்களுக்கு மட்டும். மதுரையில் வாங்கியவருக்கு? மீனாட்சி துணை.

அந்த என்விடியாதான் 2025 ஜூலையில், நாலு லட்சம் கோடி டாலர் மதிப்பைத் தொட்ட உலகத்தின் முதல் கம்பெனி. உடைந்த குமிழ் கம்பெனியைக் கவிழ்ப்பதில்லை. கவிழ்வது வளையலை வைத்து வாங்கியவன்தான்.

*

தாத்தா விஷயத்துக்கு வருகிறேன்.

கடைக்காரர் ஸ்க்ரூவைக் கழற்றி, உள்ளேயிருந்து சூயிங்கம் மாதிரி ஒரு பட்டையை எடுத்தார். "படம் காட்டுறவன்தான் செத்துட்டான் தம்பி. படத்தை வச்சிருக்கிறவன் நல்லாத்தான் இருக்கான்" என்றார்.

இது தெரியாமல் எத்தனை பேர், திரை அணைந்ததும் எல்லாம் போச்சு என்று அழுகிறார்களோ! கிராபிக்ஸ் சிப் போனால் அதில் உள்ள தகவல் போவதில்லை. (சில புது லேப்டாப்களில் நினைவகத்தை போர்டோடு சேர்த்தே பற்றவைத்து விடுகிறார்கள். அங்கே இந்தக் கழற்றல் நடக்காது. அவர்கள் முன்கூட்டியே ஒரு பிரதி எடுத்து வைப்பது உத்தமம்.)

பட்டையை ஒரு சின்னக் கூட்டில் போட்டு அவருடைய கம்ப்யூட்டரில் செருகினார். அது 48 இலக்கச் சாவி எண் கேட்டது. பயலின் முகம் வெளுத்தது. கால் மணி நேரம் போனைக் குடைந்து, தன் கணக்கிலிருந்து எண்ணைக் கண்டுபிடித்தான். போட்டதும் திரையில் சோழவந்தான் மண்டபம். நாதஸ்வரம். பந்திக்கு ஓடுகிற கூட்டம். நடுவில் தாத்தா, சாத்திய கைத்தடி, அந்தச் சிரிப்பு. கோடு இல்லை.

"எவ்வளவு ஆச்சுண்ணே?"

"கூட்டுக்கு மட்டும் குடுங்க. தாத்தாவுக்கெல்லாம் சார்ஜ் கிடையாது."

பதினாறாம் நாள் பாட்டியம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஊட்டி இல்லை. பயல் அதைத் தொடவில்லை. பந்திக்கு ஓடுகிறவர்கள் அப்படியே இருந்தார்கள்.

*

லேப்டாப்? கடைக்காரர் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "பதினோராவது மாசம் குடுத்தீங்களே, ஜாப் ஷீட் இருக்கா?"

பயல் திருதிருவென்று விழித்தான். என் தங்கை பரண் மேலிருந்து ஒரு மஞ்சப்பையை இறக்கினாள். அதில் மிக்ஸி பில், செத்துப்போன கிரைண்டரின் வாரன்டி அட்டை, 1998-ம் வருஷத்து காஸ் ரசீது... அடியில், லேப்டாப் பில்லும் ஜாப் ஷீட்டும். 'புகார்: திரையில் கோடு' என்று சர்வீஸ் சென்டர்காரர் கையாலேயே எழுதி, தேதி போட்டு, சீல் வைத்தது. வாரன்டி முடிய இருபத்தாறு நாள் பாக்கி இருந்த தேதி!

'வாரன்டி முடிந்துவிட்டது' என்றார்கள். 'முடியுமுன் புகார் சொன்னது இதோ, நீங்கள் தீர்க்காத அதே கோளாறு இதோ' என்று எழுதிக் கொடுத்தோம். பதில் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்தோம். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2020 ஜூலையிலிருந்து அமலில் இருக்கும் புதுச் சட்டப்படி, கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. நல்லவேளை, அதுவரை போகவில்லை. மூன்றாவது வாரம் போன் செய்து, போர்டை இலவசமாக மாற்றித் தந்தார்கள்.

பில்லை வைத்திருப்பவன் கெட்டதில்லை. 2011 மாடல் மாக்புக் ப்ரோக்களில் இதே மாதிரி கிராபிக்ஸ் தகராறு வந்து, 2015 பிப்ரவரியில் ஆப்பிள் இலவச ரிப்பேர் அறிவித்தபோது, முன்பே காசு கொடுத்துச் சரிசெய்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் ஏற்பாடு இருந்தது. ரசீதைக் கிழித்துப் பல் குத்தியவர்கள் என்ன செய்திருப்பார்களோ!

இப்போது பயல் லேப்டாப்பை மெத்தை மேல் வைப்பதில்லை. காற்று போகிற வழியை அடைப்பதில்லை. மதுரை வெயிலில் மனுஷனுக்காவது ஜிகர்தண்டா இருக்கிறது. சிப்புக்கு அந்த ஓட்டைதான் கதி.

நானும் திருந்திவிட்டேன். எனக்கென்று ஒரு மஞ்சப்பை வாங்கினேன். அதற்குப் பில் கேட்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.