ஏரியல் இருக்க வேண்டியது படகிலா, ஆள் மேலயா?



எங்க அப்பா ஜெகதாப்பட்டினத்துல இருந்து கடலுக்குப் போறவர். எங்க வீட்டு ரேடியோ ஏரியல் உப்புக்காத்துல அரிச்சு மூணு தடவை ஒடிஞ்சிருச்சு. படகுல இருக்கிற கம்பியும் அப்படித்தான். அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. படகு கவிழ்ந்தா ஏரியலும் அதோட போயிரும். ஆள் மட்டும் தண்ணியில தத்தளிப்பார். அதனால ஏரியல் ஆள் மேலதான் இருக்கணும் என்பது என் கருத்து. லைஃப் ஜாக்கெட்டோட சேர்த்துத் தைக்கணும்!

கம்பியைத் தைக்க முடியுமான்னு கேட்பீங்க. கம்பி மடங்கி மடங்கி ஒடிஞ்சிரும். ஆனால் மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக் இருக்கிறதே!

பிளாஸ்டிக் மின்சாரம் கடத்தாதுன்னுதானே படிச்சோம்? 1967-ல் ஜப்பானில் ஷிரகாவா வேலை செய்த ஆய்வகத்தில் ஒருவர் வினையூக்கியைத் தவறுதலாக 1000 மடங்கு போட்டுவிட்டார். கருப்புத் தூளுக்குப் பதில் வெள்ளி போல மின்னும் ஏடு கிடைத்தது. ஷிரகாவா அதைத் தூக்கி எறியவில்லை. 1977-ல் அமெரிக்காவில் மெக்டயார்மிட், ஹீகர் இருவரோடும் சேர்ந்து அதில் அயோடின் ஏற்றினார். கடத்துதிறன் சுமார் 1 கோடி மடங்கு கூடியது! 2000-ல் மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு. நம்ம பக்கத்து ஊர் காரைக்குடியில், மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்திலும் இந்த வகையைச் சேர்ந்த பாலிஅனிலினை, இரும்பு துருப்பிடிக்காமல் காக்கும் பூச்சாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

இப்போ ஒரு கணக்கு. ஆபத்துக் கருவிகள் செயற்கைக்கோளுக்குச் சைகை அனுப்புவது 406 மெகாஹெர்ட்ஸில். ஒளியின் வேகத்தை இதால் வகுத்தால் அலைநீளம் சுமார் 74 செ.மீ. அதில் கால்பங்கு சுமார் 18.5 செ.மீ. ஒரு சாண்கூட இல்லை! ஜாக்கெட் தோள்பட்டையில் தாராளமா அடங்கும்.

குறையையும் சொல்லணும். இந்த பிளாஸ்டிக், செம்பு கடத்துவதில் நூத்துல ஒரு பங்குகூடப் பொதுவாகக் கடத்தாது. சைகையில் கொஞ்சம் சூடாக வீணாகும். தண்ணி படாமல் மூடவும் வேணும். அதனால் டவர்ல இருக்கிற உலோகத்துக்கு இது போட்டி இல்லை. ஆனா உலோகம் போக முடியாத இடத்துக்கு இது போகும். குறை இருக்குன்னு ஒதுக்கிட்டா, அதை யார் சரிபண்றது? கடலோரத்துப் பிள்ளைகள் நாமதான் படிச்சுப் பண்ணணும்.

கடைசியா ஒரு வேண்டுகோள். செய்முறை வகுப்பில் தப்பா வந்த ரீடிங்கை அழிச்சிட்டு, பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதாதீங்க. தப்பையும் எழுதி வைங்க. ஷிரகாவா தூக்கி எறிஞ்சிருந்தா?

உங்க கருத்து என்ன? அடுத்த இதழுக்கு எழுதுங்க.

– பதினோராம் வகுப்பு மாணவி