தடம் ஒன்று, பதக்கம் இரண்டு

மாணவர்களே, 2025 ஜூலை மாதம் நம் பக்கத்து நாடான சிங்கப்பூரில் உலக நீர் விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. அவற்றில் ஒன்று உயர முக்குளிப்பு. கடலோரம் உயர்ந்த மேடை ஒன்றை எழுப்பி, அதிலிருந்து காற்றில் சுழன்று, பாதம் முதலில் படும்படி நீரில் பாய வேண்டும். ஆண்கள் குதித்த உயரம் 27 மீட்டர். பெண்கள் குதித்த உயரம் 20 மீட்டர். 2013இல் பார்சிலோனாவில் இந்தப் பிரிவு உலகப் போட்டியில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோதும் இதே கணக்குதான்.

இந்த உயரம் எவ்வளவு என்று உணர பத்துமலைக்குப் போனால் போதும். அங்கே படிக்கட்டின் அடியில் நிற்கும் முருகன் சிலையின் உயரம் 42.7 மீட்டர். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உயரத்திலிருந்து ஆண்கள் குதிக்கிறார்கள். பாதிக்குச் சற்றுக் குறைவான உயரத்திலிருந்து பெண்கள் குதிக்கிறார்கள்.

இந்த 7 மீட்டர் வேறுபாடு தேவைதானா? சாகச விளையாட்டுகளில் பெண்களுக்கென்று தனித் தடம், தனி உயரம், தனி மலை வேண்டுமா? வேண்டாம் என்பதே என் கருத்து. பெண்களுக்குத் தனிப் பதக்கம் கட்டாயம் வேண்டும். தடம் மட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். எங்காவது அதைப் பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றால், பிரிப்பவர்கள் அளந்து காட்டிய காரணத்தோடு வர வேண்டும்.

முதலில், தனிப் பதக்கம் ஏன் வேண்டும் என்று பார்ப்போம். பருவ வயதுக்குப் பிறகு, டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனின் காரணமாக ஆண்களின் தசைத் திரளும் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் அளவும் சராசரியாகக் கூடுகின்றன. 100 மீட்டர் ஓட்டத்தில் ஆண்களின் உலகச் சாதனை 9.58 வினாடி, பெண்களின் உலகச் சாதனை 10.49 வினாடி. வேறுபாடு ஏறக்குறைய 10 விழுக்காடு. எல்லாரையும் ஒரே பட்டியலில் போட்டால் ஒலிம்பிக் இறுதி ஓட்டத்தில் ஒரு பெண்கூட நிற்க முடியாது. அதனால் பரிசைப் பிரிப்பது நியாயம். ஆனால் கவனியுங்கள்: இருவரும் ஓடுவது அதே 100 மீட்டர்தான்.

சில இடங்களில் கருவியும் மாறுகிறது. தடை ஓட்டத்தில் ஆண்களின் தடை 106.7 செண்டிமீட்டர், பெண்களின் தடை 83.8 செண்டிமீட்டர். குண்டு எறிதலில் ஆண்களுக்கு 7.26 கிலோ, பெண்களுக்கு 4 கிலோ. இதில் எனக்குக் குறை இல்லை. கால் நீளத்துக்கும் தடையின் உயரத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. குண்டைத் தள்ளுவது வீராங்கனையின் தசை. அளக்கக்கூடிய ஓர் உடற்கூறு, அதோடு நேராகத் தொடர்புடைய ஒரு கருவி. காரணம் தெளிவாக இருக்கிறது.

உயர முக்குளிப்பில் என்ன நடக்கிறது? அங்கே உங்களைக் கீழே இழுப்பது உங்கள் தசை இல்லை, புவியீர்ப்பு. நீங்கள் இயற்பியல் பாடத்தில் படிக்கும் சூத்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காற்றின் தடையை விட்டுவிட்டால், விழும் பொருளின் வேகத்தின் வர்க்கம் = 2 × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம். 10 மீட்டரிலிருந்து விழுந்தால் நீரைத் தொடும் வேகம் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர். 20 மீட்டரிலிருந்து சுமார் 71. 27 மீட்டரிலிருந்து சுமார் 83. இந்தச் சூத்திரத்தில் எடைக்கு இடமில்லை. ஆணா பெண்ணா என்ற கேள்விக்கும் இடமில்லை.

சூத்திரம் சொல்லாத ஒன்றும் உண்டு. நீரில் மோதும் கணத்தில் உடலை நேராகப் பிடித்து நிறுத்த வயிறு, முதுகு, தொடைத் தசைகள் வலுவாக இருக்க வேண்டும். 20 மீட்டரைவிட 27 மீட்டரில் ஒவ்வொரு கிலோ எடைக்கும் தாங்க வேண்டிய ஆற்றல் 35 விழுக்காடு அதிகம். பெண்களின் தசையும் எலும்பு அடர்த்தியும் சராசரியாகக் குறைவு என்பதும் உண்மை. எனவே 20 மீட்டர்தான் பாதுகாப்பு என்று ஒருவர் வாதிடலாம். அது மதிக்க வேண்டிய வாதம்.

அந்த வாதத்தில் ‘சராசரி’ என்ற சொல்லைத்தான் நான் கேள்வி கேட்கிறேன். உலகப் போட்டிக்கு வருபவர் யாரும் சராசரிப் பெண் இல்லை. சராசரி ஆணும் 27 மீட்டரிலிருந்து குதித்தால் மருத்துவமனைக்குத்தான் போவார். அங்கே நிற்பவர்கள் பல ஆண்டுகள் பயிற்சி எடுத்தவர்கள். 1985இல் ஹாங்காங் ஓஷன் பார்க்கில் அமெரிக்காவின் லூசி வார்டல் 36.8 மீட்டர் உயரத்திலிருந்து குதித்தார். இன்று உலகப் போட்டியில் ஆண்கள் குதிக்கும் உயரத்தைவிட அது ஏறக்குறைய 10 மீட்டர் அதிகம். ஒருவர் செய்ததால் எல்லாரும் செய்ய முடியும் என்று ஆகிவிடாது. ஆனால் ‘பெண் உடல் தாங்காது’ என்ற பொது விதி உடைவதற்கு அந்த ஒருவர் போதும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். புக்கிட் ஜாலில் தேசிய நீர் விளையாட்டு மையத்தில் 10 மீட்டர் மேடை இருக்கிறது. பெண்கள் ஏறுவதும் அதே மேடைதான், ஆண்கள் ஏறுவதும் அதே மேடைதான். ஒலிம்பிக்கிலும் அப்படியே. ஆண்கள் ஆறு முறை குதிக்கிறார்கள், பெண்கள் ஐந்து முறை குதிக்கிறார்கள், உயரத்தில் மாற்றமில்லை. அந்த உயரத்திலிருந்துதான் சரவாக்கைச் சேர்ந்த பண்டெலெலா ரினோங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். பூப்பந்து அல்லாத விளையாட்டில் மலேசியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. ஒலிம்பிக்கில் மலேசியப் பெண் ஒருவர் வென்ற முதல் பதக்கமும் அதுவே. 2016 ரியோவில் அவரும் சியோங் ஜூன் ஹூங்கும் இணைந்து வெள்ளி வென்றார்கள். 2017இல் சியோங் அதே 10 மீட்டரில் உலகச் சாம்பியன் ஆனார். பெண்களுக்கு 7 மீட்டர் போதும் என்று யாராவது என்றோ முடிவு செய்திருந்தால், இந்த வெற்றிகளை ‘சின்ன மேடைப் பதக்கம்’ என்று சொல்ல ஒரு கூட்டம் காத்திருந்திருக்கும்.

அடுத்து வருவது அறிவியல் மாணவர்களான உங்களுக்கு மிகவும் பழக்கமான ஒன்று. ஆய்வுக்கூடத்தில் இரண்டு பொருள்களை ஒப்பிட வேண்டுமானால் என்ன செய்கிறீர்கள்? ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதையெல்லாம் மாறாமல் வைக்கிறீர்கள். அதைத்தான் கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்கிறோம். விளையாட்டில் தடம்தான் அந்த மாறி. தடத்தையே மாற்றிவிட்டால் ஒப்பிட வழியில்லை. பெண்களை 27 மீட்டரில் ஏறவே விடாமல், ‘27 மீட்டர் பெண்களுக்கு ஆபத்து’ என்ற கருத்தை எப்படிச் சோதிப்பது? தனித் தடம் தனக்கு எதிரான சான்று உருவாகும் வழியைத் தானே அடைத்துவிடுகிறது.

இது வெறும் கற்பனை இல்லை. பனிமலைச் சரிவில் சறுக்கி வந்து, காற்றில் நூறு மீட்டருக்கும் மேல் பறந்து இறங்கும் பனிச்சறுக்குத் தாண்டல் என்ற விளையாட்டு 1924இலேயே ஆண்களுக்கு ஒலிம்பிக்கில் வந்துவிட்டது. பெண்களுக்கு அது கிடைத்தது 2014இல். இடையில் 90 ஆண்டுகள். 2005இல்கூட அனைத்துலகப் பனிச்சறுக்குச் சம்மேளனத்தின் தலைவர், மருத்துவ நோக்கில் இது பெண்களுக்குப் பொருத்தமானது அல்ல என்று சொன்னார். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கிலும் பெண்களுக்குக் கதவு திறக்கவில்லை. ஆனால் அந்த ஒலிம்பிக்குக்காகக் கட்டிய சிறிய மலையில், போட்டிக்கு முன்பே ஆண் பெண் எல்லாரையும்விட நீளமாகத் தாண்டிச் சாதனை வைத்திருந்தவர் லிண்ட்சி வான் என்ற பெண்! 2025 மார்ச்சில் ஸ்லோவேனியாவின் நிக்கா பிரெவ்ட்ஸ் 236 மீட்டர் பறந்து இறங்கினார். மருத்துவக் காரணம் என்று சொன்னது எங்கே போயிற்று? சோதிக்க வாய்ப்புக் கிடைத்ததும் காணாமல் போயிற்று.

அந்த விளையாட்டில் இன்னொரு பாடமும் இருக்கிறது. பெண்கள் பொதுவாகச் சரிவின் சற்று மேலான இடத்திலிருந்து புறப்படுகிறார்கள். அப்போதுதான் தேவையான வேகம் கிடைக்கும். மலை ஒன்றுதான், இறங்கும் இடமும் ஒன்றுதான், புறப்படும் படி மட்டும் மாறுகிறது. அளந்து பார்த்துச் செய்த சிறிய மாற்றம் இது. இத்தகைய மாற்றத்தை நான் முழுமனதாக வரவேற்பேன்.

தடம் ஒன்றாக இருந்தால் என்ன தெரியவரும் என்பதற்கு வேகச் சுவரேற்றம் நல்ல எடுத்துக்காட்டு. உலகெங்கும் ஒரே மாதிரியான 15 மீட்டர் சுவர்; பிடிகள் பதித்த இடங்களும் ஒன்றே; ஆண்களுக்கும் பெண்களுக்கும் வேறுபாடில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் போலந்தின் அலெக்சாண்ட்ரா மிரோஸ்லாவ் 6.06 வினாடியில் ஏறி உலகச் சாதனை படைத்தார். ஆண்களின் சாதனை அங்கே 4.74 வினாடி. சுவர் ஒன்றாக இருப்பதால் இந்த 1.32 வினாடி இடைவெளி நமக்குத் தெரிகிறது. இனிவரும் ஆண்டுகளில் அது சுருங்குகிறதா என்று பார்க்கவும் முடியும். நம் பத்துமலைச் சுண்ணாம்புப் பாறையும் அப்படித்தான். ஏற வருபவர் ஆணானாலும் பெண்ணானாலும் பாறை தன் பிடிகளை மாற்றிக்கொள்வதில்லை.

என் கருத்துக்கு எதிரான வலுவான வாதம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குதித்து இறங்கும் விளையாட்டுகளில் முழங்காலின் உள்ளே இருக்கும் முன்சிலுவைத் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டிய உண்மை இது. அப்படியானால் சிறிய தடம் கொடுப்பது நல்லதல்லவா? ஆனால் முறையாகத் தரையிறங்கும் பயிற்சியும், தொடைத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் அந்தக் காயங்களைக் குறைக்கின்றன என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆபத்து அளக்கப்பட்டிருக்கிறது, மருந்தும் தெரிகிறது. அந்த மருந்து நல்ல பயிற்றுநர், நல்ல உடற்பயிற்சிக் கூடம், போதுமான பயிற்சி நேரம். தடத்தைச் சுருக்குவது செலவில்லாத வழி. பயிற்சி கொடுப்பது செலவுள்ள வழி. பாதுகாப்பு என்ற பெயரில் செலவில்லாத வழியை யாராவது தேர்ந்தெடுத்தால் நாம் கேள்வி கேட்க வேண்டும்.

புதிதாக வருபவர்களுக்குத் தாழ்வான மேடை, எளிய பாதை வேண்டாமா என்றும் நீங்கள் கேட்கலாம். கட்டாயம் வேண்டும். ஆனால் புதிதாக வரும் பையனுக்கும் அது வேண்டும். அது எல்லாருக்கும் முதல் படியாக இருக்கட்டும். பெண்களுக்கு மட்டும் கடைசிப் படியாக ஆகிவிடக் கூடாது.

இதெல்லாம் உலகப் போட்டிக்குப் போகிறவர்களின் கவலை, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். உங்கள் பள்ளியின் குறுக்கோட்டப் போட்டியை எண்ணிப் பாருங்கள். மாணவர்களுக்கு ஒரு தூரம், மாணவிகளுக்கு அதைவிடக் குறைந்த தூரம் என்று இருக்கிறதா? இந்தப் பழக்கத்துக்குப் பழைய வேர் உண்டு. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். ஓடி முடித்தவர்கள் களைத்து விழுந்தார்கள் என்று செய்தித்தாள்கள் பெரிதுபடுத்தின. நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு யாரும் களைத்துத்தான் போவார்கள். ஆனாலும் அந்த ஓட்டத்தையே பெண்களிடமிருந்து பறித்துவிட்டார்கள். அது திரும்பக் கிடைத்தது 1960இல், 32 ஆண்டுகள் கழித்து. உலகக் குறுக்கோட்டப் போட்டியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே 10 கிலோமீட்டர் என்று ஆனது 2017இல்தான்.

உங்கள் பள்ளி கிள்ளானில் இருக்கலாம், பிரிக்பீல்ட்சில் இருக்கலாம். அடுத்த குறுக்கோட்டத்துக்கு முன் உங்கள் விளையாட்டு ஆசிரியரிடம் மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்: “ஐயா, இந்தத் தூரம் எதை வைத்து முடிவு செய்யப்பட்டது?” அளந்து பார்த்த காரணம் இருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். ‘எப்போதும் இப்படித்தான்’ என்பதுதான் பதில் என்றால், ஒரு சோதனையைக் கேட்டுப் பாருங்கள். ஒரே பாதை, ஒரே தூரம், தனித்தனிப் பரிசு. இரு பிரிவினருக்கும் ஒரே அளவு பயிற்சி வாரங்கள். யார் எத்தனை நிமிடத்தில் முடித்தார்கள், எத்தனை பேர் முடிக்கவில்லை, யாருக்குக் காயம் என்று அறிவியல் கழகத்தினர் குறித்து வையுங்கள். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து செய்தால் உங்கள் பள்ளியின் கேள்விக்கு உங்கள் பள்ளியின் எண்களே பதில் சொல்லும். அந்தப் பதில் என் கருத்துக்கு எதிராக வந்தாலும் அதை எழுதி அனுப்புங்கள்.