பழைய செயினை அளவு வைக்காதீங்க மக்களே!

மௌண்டன் பைக்குக்குப் புதுச் செயின் போடும்போது பழையதைப் பக்கத்தில் நீட்டி வைத்து வெட்டுகிறார்களே, அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத பழக்கம். தேய்ந்த செயின் நீண்டிருக்கும். நடுவில் கேசட்டை மாற்றியிருந்தால் அந்த அளவே செல்லாது. (போன வருட பாலன்ஸ் ஷீட்டைக் காப்பியடித்து இந்த வருடக் கணக்கை முடிப்பது போல!)

முன்னும் பின்னும் உள்ள பெரிய பல்சக்கரங்களில், டெரெய்லருக்குள் விடாமல் செயினைச் சுற்றுங்கள். முனைகள் சேரும் அளவுக்கு மேல் 2 கண்ணி, அதாவது 1 அங்குலம், கூட்டி வெட்டுங்கள். பின்னால் ஷாக் உள்ள வண்டியா? காற்றை இறக்கி, முழுக்க அமுக்கி வைத்து அளக்கணும். அமுங்கும்போது பல வண்டிகளில் பின்சக்கரம் பெடல் அச்சை விட்டு விலகும்.

நீளம் கொஞ்சம் கூடினால் சின்னச் சக்கரங்களில் தொங்கும், அவ்வளவுதான். குறைந்தால் டெரெய்லரையே பிய்த்துவிடும். அதன் விலையையும் செயின் விலையையும் கடையில் ஒருமுறை கேட்டுப் பாருங்களேன்.