குக்கர் சின்னமும் நம் ஓட்டும்



"இடைத்தேர்தல்தானே, ஆட்சியா மாறப்போகுது? போய் சமையலைப் பாரு!" என்று வீட்டில் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். குழாயில் தண்ணீர் வராவிட்டால் குடத்தைத் தூக்குவது நாம்தானே? அதைச் சட்டசபையில் கேட்க ஓர் ஆள் வேண்டாமா?

பதவிக்காலம் ஒரு வருஷமாவது பாக்கியிருந்தால், காலியான தொகுதிக்குப் பொதுவாக 6 மாதத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்பது சட்டம்.

சென்னை ஆர்.கே. நகரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016 டிசம்பரில் ஜெயலலிதா மறைந்ததால் காலியான தொகுதி. 2017 ஏப்ரலில் நடக்கவிருந்த தேர்தல், பணப் பட்டுவாடா புகாரால் ரத்தாயிற்று. மறுபடி ஓட்டுப் போட டிசம்பர் 21 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அத்தனை மாசமும் தொகுதிக்கு எம்.எல்.ஏ. கிடையாது! ஆளுங்கட்சிதான் ஜெயிக்கும் என்ற பேச்சும் பொய்த்தது. குக்கர் சின்னத்தில் நின்ற சுயேச்சை, டி.டி.வி. தினகரன், 40,707 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

ஓட்டுக்குப் பணம் கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம்தான். யாருக்குப் போட்டோம் என்பதோ ரகசியம். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

இட்லியை வார்த்து வைத்துவிட்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு காலையிலேயே கிளம்புங்கள். பெண்களுக்குத் தனி வரிசை உண்டு!